சித்தியின் எட்டு மணிக் குரல்

என் சித்தி ஊசியில் நூல் கோத்து ஆறு வருஷம் ஆகிறது. சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்ற அளவுக்குத்தான் தெரியும். ஆனாலும் தையற்கடை வேலையை விடவில்லை. கடைக்காரர் நூல் கோத்துக் கொடுப்பார். சித்தி விரலால் தடவித் தடவியே கொக்கி தைப்பாள். “கண்ணு தெரிஞ்சவங்க தைச்சது ரெண்டு தடவை துவைச்சா கையோட வந்துடுது” என்று மற்றவர்களை வம்புக்கு இழுப்பாள். வாய் மட்டும் துளிகூட மங்கவில்லை.

அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். வேலை கிடைத்ததும் நான் ஆபீஸ் பக்கத்தில் தனி வீடு பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்ப்பேன்.

எங்கள் ஆபீஸில் மொத்தமே ஆறு பேர். மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்றைச் செய்து கிளினிக்குகளுக்குக் கொடுக்கிறோம். பத்து வருஷத்துப் பழைய போனிலும் அது ஓட வேண்டும், எங்களால் யாரும் நல்ல போனைக் குப்பையில் போடக்கூடாது என்பது எங்கள் கொள்கை. அதற்காக எதையாவது வெட்டி எடையைக் குறைத்துக்கொண்டே இருப்போம்.

போன மாதம் என் கத்தி குரல்மேல் விழுந்தது. வேண்டுமென்று கேட்பவர்களுக்கு, செயலி காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் வாய்விட்டுச் சொல்லும். கேட்டவர்கள் ‘கேட்டேன்’ என்று திரையில் ஒரு தொடு தொட வேண்டும். குரல் எல்லார் செயலியிலும் உட்கார்ந்திருந்தாலும், பழைய போன்களில் பதினொன்றில்தான் அதைப் போட்டுவைத்திருந்தார்கள். ஆறு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். ஒருவர்கூடத் தொடவில்லை.

செயலியைச் சோதித்துப் பார்க்கும் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் குடைச்சல். அன்றும் குடைந்தாள். “தொடலைன்னா கேக்கலைன்னு அர்த்தமா? ஒருத்தருக்காவது போன் போட்டுக் கேளுங்களேன்.”

“கேக்காத குரலைச் சுமந்துக்கிட்டு எல்லார் போனும் மூச்சு வாங்கணுமா?” என்று அவள் வாயை அடைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். குரல் போனது, செயலியின் எடை பாதியானது. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, காலை பதினோரு மணிக்குத் தையற்கடைக்காரர் கூப்பிட்டார். “உங்க சித்தி இன்னும் வரலைங்க. போன் அடிச்சா எடுக்கல. அவங்க இப்படி இருக்கமாட்டாங்களே.”

என்னிடமிருந்த இன்னொரு சாவியால் கதவைத் திறந்தேன். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் சித்தி கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. ஆம்புலன்ஸுக்கு நம்பரை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

அவர்கள் வருவதற்குள் அலமாரியைப் பார்த்தேன். அங்கே அவள் போன் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. ‘காலை மாத்திரை நேரம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான். அது என் பழைய போன். மூன்று வருஷத்துக்கு முன்னால் செயலியைப் போட்டு, குரலையும் போட்டு, அதை அவளிடம் கொடுத்தவளும் நான்தான். பதினொன்றில் ஒன்று இது என்று அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்குத் தோன்றவே இல்லை. என்ன ஜென்மம் நான் என்று என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“மாத்திரையை ரெண்டு தடவை போட்டிருக்கணும். சர்க்கரை ஒரேயடியா இறங்கிடுச்சு. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா காப்பாத்தியிருக்க முடியாது” என்றார் டாக்டர்.

சாயங்காலம் சித்தி பேசினாள். “போட்டேனா போடலையான்னு ஒரே குழப்பம். சரி போகட்டும்னு இன்னொண்ணு போட்டுக்கிட்டேன்.”

“போன் பேசலைன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ஒரு வாரமா பேசல. வயசான போன், தொண்டை கட்டிக்கிச்சுன்னு நெனச்சேன். சொன்னா நீ உடனே புதுசு வாங்கிட்டு வந்து நிப்பே. எதுக்குன்னு விட்டுட்டேன்.”

“அது கெட்டுப்போகல சித்தி. நாந்தான் குரலை எடுத்தேன். யாருமே கேக்கலைன்னு நெனச்சேன். கேட்டவங்க திரையைத் தொடணும். நீ ஒருநாள்கூடத் தொடல.”

சித்தி என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். குரலில் கோபமே இல்லை. “நீதானேடி போனைக் குடுக்கும்போது சொன்னே? போன் வந்தா மட்டும் எடு, வேற எதையும் தொட்டுடாதே சித்தி, எல்லாம் மாறிப்போயிடும்னு.”

எழுந்து வராந்தாவுக்குப் போய்க் குடைச்சலைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. குரலைத் திரும்பப் போட்டாள். கிளினிக்குகள் மூலமாக மற்ற பத்துப் பேரையும் தேடினாள். ஏழு பேர் கிடைத்தார்கள். மூன்று பேர் இதுவரை போனை எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சித்தியின் போன் எட்டு மணிக்குப் பேசியது. அவள் கையை நீட்டினாள். விரல் கண்ணாடிக்கு மேலே வந்து அப்படியே நின்றது.

“தொடலாமா?” என்று என்னிடம் கேட்டாள்.