செல்வதாஸ் பங்கு வைத்த பூட்டன்கள்

தக்கலைப் பக்கம் எங்கள் ஊரில், செல்வதாஸ் அண்ணாச்சி செத்தவர்களை வீட்டுக்கு ஒருவராகப் பங்கு வைத்துக் கொடுக்கிறாராம். நான் வேலை பார்க்கும் தோஹாவில் என்னிடம் சொன்னவன் ஊர்க்காரன் லிஜோ. அவனுக்குச் சொன்னது அவன் மாமியார்.

விசாரித்தால், பாதி உண்மை. ஆலயத்துக்குப் பின்னால் மிஷன் காலத்துக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதை இடித்து, கல்யாண மண்டபத்துக்கு வரும் கார்களுக்கு இடம் ஒதுக்கச் சபைக் கமிட்டி கிளம்பியது. ஒன்பது பேர் ஓட்டுப் போட வேண்டும். அண்ணாச்சி கமிட்டியில் இல்லை. முப்பது வருடம் நாகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டர்; ஓய்வுக்குப் பிறகு அந்தக் கற்களை டூத் பிரஷ்ஷால் தேய்ப்பதே வேலை. சொந்தப் பல்லை அவர் அவ்வளவு கவனித்ததில்லை என்பது மனைவி தேவகனியின் வாக்குமூலம்.

எவ்வளவு தேய்த்தும் ஐந்து கற்களில் பெயர் வரவில்லை. நிற்கிறவனுக்கு இடம் பிடித்துக் கொடுத்தே பழகியவர், முதலில் கமிட்டிச் செயலாளர் நேசையனைக் கூட்டிப் போனார்.

“வோய், இது உமக்க பூட்டன்.”

“பேரு எங்க?”

“மழை நக்கிட்டுப் போச்சு. சாஞ்சு கெடக்கத பாரும். கமிட்டியில நீரு தூங்குவேருல்லா, அதே சாய்வு.”

நேசையன் கண் கலங்கிவிட்டார். மறுநாள் மாலை கொண்டுவந்தார். அதற்கு மறுநாள் டைல்ஸ் ஒட்ட ஆளையே கூட்டிவந்தார்.

“பூட்டனுக்க மேல பாத்ரூம் கட்டாதேயும்!” என்று அண்ணாச்சி விரட்டினார்.

கமிட்டியில் இன்னும் மூன்று பேருக்குப் பூட்டன்கள் கிடைத்தார்கள். இடிக்க நான்கு ஓட்டு, வேண்டாம் என்று நான்கு. மிச்சம் பொருளாளர் ஜாஸ்பர், என் சொந்த அண்ணன். மிச்சம் ஒரு கல்.

நேற்று அண்ணாச்சி போனில் வந்தார். “மக்கா, அது ஒங்க பூட்டன்னு ஜாஸ்பருட்ட சொன்னேன். நம்பமாட்டேங்கான். தம்பிக்குத் தெரியும், கேளுன்னு சொல்லிட்டேன்.”

“அண்ணாச்சி, எங்க பூட்டனை களியக்காவிளையிலல்லா அடக்கினது?”

“அப்போ இங்க கெடக்கது யாரு?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. பேரில்லாத ஒருத்தருக்கு ஒரு குடும்பம் கெடச்சா ஒனக்கு என்னலே நட்டம்? இல்லேண்ணா அவரு மேல காரு நிக்கும்.”

இன்று ஞாயிறு. ஊரில் ஆராதனை முடிந்து கமிட்டி கூடியிருக்கும். இங்கே ஆபீஸ் மேஜையில் என் போன் நடுங்குகிறது, திரையில் ஜாஸ்பர். நான் பொய் சொன்னால் சின்ன வயதிலிருந்தே குரலை வைத்துப் பிடித்துவிடுவான்.

தொண்டையைச் செருமி, “நம்ம பூட்டன்தான்” என்று சொல்லிப் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். இன்னொரு தடவை, கொஞ்சம் பாசமாகச் சொல்லிப் பார்த்தேன்.

போன் இன்னும் அடிக்கிறது.