ஷான்டி கடையின் சுத்தமான தரை

தொனொஸ்தியாவின் பழைய நகரத்தில், துறைமுகத்துக்கு இறங்கும் எங்கள் சந்தில், ஷான்டியின் பார் சாயங்காலமானால் நிரம்பி வழியும். மனிதர் மனமொடிந்து போனதற்கு அதுவே காரணம்.

சிரிக்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பழக்கம் அறியாதவர்கள். இங்கே ஒவ்வொருவருக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே திரிகிற ஒரு கூட்டம் உண்டு. அந்தி சாய்ந்ததும் அது கிளம்பும். ஒரு பாரில் நின்றபடியே ஒரு வாய் மது, குச்சியில் குத்திய பின்ச்சோ என்கிற சிறு தீனி, கொஞ்சம் வம்பு; பிறகு அடுத்த பார். எந்த பாருக்குப் பின் எந்த பார் என்பதில் மாற்றமே கிடையாது. மனைவியை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். வழியை மாற்றியவரை நான் பார்த்ததில்லை.

அதாவது, போன கோடை வரைக்கும் பார்த்ததில்லை. ஷான்டியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து உதை வாங்கிய அந்தோனும் அவருடைய நாலு கூட்டாளிகளும் ஒருநாள் ஷான்டி கடை வாசலுக்கு வந்தார்கள். உள்ளே வெறும் முதுகுகள். அந்தோன் கால் பெருவிரலில் எம்பிப் பார்த்தார்.

"டேய், உள்ள ஒரு விரல் நுழைய இடமில்லைடா. நடங்க."

நடந்தார்கள். மறுநாளும் நடந்தார்கள். அப்புறம் வாசலைக் கடக்கும்போது தலையைக்கூடத் திருப்பவில்லை. ஷான்டி உள்ளிருந்து ஐந்து மூக்குகள் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். போய்க் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் ஊரில் கூட்டத்தைக் கை தட்டிக் கூப்பிடுகிற பார்க்காரன், அன்றைக்கே கதவைச் சாத்திக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடலாம்.

குற்றவாளி, தட்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மது ஊற்றும் பளிங்கு மேடையில் பரப்பி வைத்திருக்கும் பின்ச்சோக்களில் வகைக்கு ஒன்றாக மலைபோல் குவித்துக்கொண்டு, கடையில் இருக்கிற மூன்று ஸ்டூலையும் பிடித்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் தின்ன ஒன்பது பேர் படம் எடுப்பார்கள். காலையிலிருந்து சிவப்பு ஒயினில் வெந்துகொண்டிருக்கும் மாட்டுக் கன்னக்கறி, ஷான்டியின் கைப்பக்குவத்தின் உச்சம், பின்சுவர்ப் பலகையில் எழுதியிருக்கும். கேட்டால்தான் வரும். ஒருவரும் கேட்கமாட்டார்கள். பலகையையும் படம்தான் எடுப்பார்கள்.

"இதுல அசல் உள்ளூர்ச் சரக்கு எதுங்க?" என்று ஓர் அம்மையார் ஒருநாள் கேட்டார்.

"நான்தான்" என்றார் ஷான்டி. அவரையும் படம் எடுத்துக்கொண்டு போனார் அந்த அம்மையார்.

அன்று இரவே ஷான்டி வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவுக்கு வந்தார். விடிந்ததும் மேடை மேல் ஒரு தட்டு இல்லை, ஒரு குச்சி இல்லை. வெறும் பளிங்கு.

"உனக்குப் புத்தி பிசகிப்போச்சா?" என்றாள் மனைவி கார்மெலே.

"கேக்கிறவனுக்கு உள்ளேயிருந்து வரும். அள்ளுறவனுக்கு இங்க வேலையில்ல."

முடிவு அபாரமாகப் பலித்தது. வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், வெறும் பளிங்கைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். சாயங்காலம் கடையில் ஈ காக்கை இல்லை. ஷான்டிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பழைய நண்பர்களை வரவேற்கத் தன் கையாலேயே தரையைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார்.

ஐந்து மூக்குகளும் வந்தன. இந்த முறை நின்றன. அந்தோன் மேடையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"யாரோ தவறிட்டாங்க போலடா. தொந்தரவு பண்ணாதீங்க. நாளைக்குப் பூ அனுப்பிக்கலாம்."

போய்விட்டார்கள். மறுநாள் நிஜமாகவே பூ வந்தது. ஷான்டி அதைக் குப்பைத்தொட்டியில் தலைகீழாகச் செருகினார்.

"ஏன் வரமாட்டேங்கிறானுக? இடம் காலியாத்தானே கிடக்கு!"

"கீழ பாரு மனுஷா" என்றாள் கார்மெலே. "ஒரு காகிதம் கிடக்கா? ஒரு ஆலிவ் கொட்டை? ஆஸ்பத்திரி மாதிரி வச்சிருக்கே. வாயைத் துடைச்ச காகிதத்தைக் கீழ போட ஆளில்லாத கடைல எவன் வாயை வைப்பான்?"

ஷான்டி நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து இந்தச் சந்தில் வாழ்கிறவர், நல்ல பாரைத் தரையில் கிடக்கும் குப்பையை வைத்துத்தான் எடைபோடுவோம் என்பதை மறந்துவிட்டார். வந்த கோபத்தில் கைதுடைக்கும் காகிதம் ஒரு கட்டு முழுவதையும் கசக்கிக் கசக்கி எறிந்தார். கொட்டைக்கு எங்கே போவது? ஒரு ஜாடி ஆலிவைத் தானே தின்று, நாலு திசையிலும் துப்பினார். அன்று பகல் பூராவும் அவருக்கு இதே வேலை.

சாயங்காலம் அந்தோன் எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கூட்டம் உள்ளே வந்து பழைய மூலையில் பழைய வரிசையில் நின்றது. ஷான்டி, ஒன்றுமே நடக்காதவர்போல, கண்ணாடிக் குவளைகளைத் துடைத்தார்.

அந்தோன் குனிந்து ஒரு காகிதத்தை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"டேய் ஷான்டி. இதுல எண்ணெயே இல்லையேடா."

"சுத்தமாத் தின்னுட்டுப் போனானுக."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

"கொட்டையெல்லாம் ஒரே பல்லு கடிச்சாப்ல இருக்கு?"

ஷான்டி ஏற்கெனவே துடைத்த குவளையையே மறுபடி துடைத்தார். அந்தோன் மற்ற நாலு பேரையும் பார்த்தார்; அவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"சரி, ஊத்து" என்றார் அந்தோன். "எங்களுக்கு என்ன புதுசாவா சொல்லணும்? அந்த மாட்டுக் கன்னம், ஆளுக்கு ஒண்ணு. ஒரு வருஷமா நாக்கு செத்துக்கிடக்கு."

ஒரு வருஷமாக ஒரு நாள் தவறாமல் அடுப்பேற்றிய கறி. கேட்க ஆளில்லாமல் தினமும் தானே தின்று தீர்த்த கறி. காகிதம் கசக்கிக்கொண்டிருந்ததில் இன்றைக்குத்தான் ஏற்றவில்லை.

"இல்ல" என்றார் ஷான்டி. அந்த ஒரு சொல்லுக்கு அவர் பட்ட பாடு!

"இல்லையா? மேடை மேல ஒண்ணும் கிடையாது, உள்ளயும் கிடையாது. பின்ன என்னத்துக்குடா கதவைத் திறந்து வச்சிருக்கே?"

கார்மெலே உள்ளேயிருந்து ஐந்து ஹில்டாக்களை நீட்டினாள்: ஆலிவ், நெத்திலி, ஊறின பச்சைமிளகாய், ஒரு குச்சி. தின்றார்கள். மிளகாய் காரம் என்றார்கள், நெத்திலி உப்பு என்றார்கள், கடை வெறிச்சென்று சவக்களையாக இருக்கிறது என்றார்கள். குவளையைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வாசலில் அந்தோன் நின்றார். உதட்டைத் துடைத்தார். எண்ணெய் படிந்த காகிதத்தை ஷான்டியின் கண்ணெதிரே தரையில் போட்டார்.

"நாளைக்கு அடுப்பேத்தி வை."

ஷான்டி துடைப்பத்தை எடுத்தார். எல்லாக் காகிதத்தையும் கூட்டித் தள்ளினார். அந்த ஒன்றைச் சுற்றி மட்டும் கூட்டினார், வாய் ஓயாமல் அந்தோனைத் திட்டிக்கொண்டே.