மேபலுக்கு ஒரு நடுப்பெயர்

லோரீன் டட்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பதினெட்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அறுபது பிள்ளைகளின் முழுப்பெயரும் அவளுக்கு மனப்பாடம். பின்சீட்டில் எவனாவது வாலாட்டினால் முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் மூன்றையும் சேர்த்து ஒரு அதட்டல் போடுவாள்; பேருந்தே கப்சிப். கொஞ்சுவதற்கு முதல் பெயர் போதும். நடுப்பெயர் சேர்ந்து வந்தால் அம்மா கோபமாக இருக்கிறாள் என்று அந்த ஊரில் நண்டுசிண்டுக்குக்கூடத் தெரியும்.

நாற்பத்தொரு வயதில் அவளுக்குப் பிறந்த பெண் பதினான்கு வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. மூன்றாம் நாளாக மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மூச்சு விடவே அடிக்கடி மறந்துபோனது. மேபல் என்ற அந்தக் காலத்துப் பெயரை லோரீன் எப்போதோ முடிவு செய்திருந்தாள். பிறப்புப் பதிவுத் தாளில் நடுப்பெயருக்கான கட்டம் மட்டும் காலி.

அன்று காலை டாக்டர், பிழைக்குமா என்று சொல்வதற்கில்லை என்று கைவிரித்துவிட்டார். லோரீன் பைத்தியம் பிடித்தவள்போல் ஒவ்வொரு பெயராக முணுமுணுத்தாள். ரோஸ், ஆன், லூ. எல்லாம் பூப்பூவாக இருந்தன, திட்ட உதவாது.

கணவன் டேல் தாளை வாங்கி மடித்தான்.

"மேபல் மட்டும் போதும், லோரீன். பையனுக்கு மூணு பேரு வச்சோம். கல்லறக் கல்லுலதான் வெட்டுனோம். ஒரு தடவ கூப்பிட்டமா?"

நான்கு வருடத்துக்கு முன், பிறந்த அன்றே போய்விட்ட பையன். அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்தியது.

"அதுக்காக இவளயும் ஒரு திட்டுகூடத் திட்டாம அனுப்பிடலாம்னு பாக்குறியா?"

அப்போதுதான் பெட்டியோடு இணைத்திருந்த எந்திரம் அலறியது. திரையில் ஆக்சிஜன் அளவு காட்டும் எண் மளமளவென்று இறங்கியது. நர்ஸ் ஓடிவந்து குழந்தையின் பாதத்தைத் தேய்த்தாள், அசைவில்லை. லோரீன் பெட்டியில் கைநுழைக்கும் துளையருகே வாயை வைத்தாள். எந்தப் பெயர் என்று யோசிக்கவில்லை.

"மேபல் ஜோசபின் டட்டில். இப்ப மூச்சு விடப்போறியா, இல்லயா?"

பேருந்துக் குரல் அது. பக்கத்துப் பெட்டித் தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தையின் மார்பு ஒருமுறை எழும்பியது, பிறகு இன்னொருமுறை. எண் மெல்ல ஏறியது. இது எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. லோரீன் நிறுத்தவில்லை. சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வந்ததற்கு, பரீட்சையில் கோட்டை விட்டதற்கு, பதினாறு வயதில் சொல்லாமல் காரை எடுத்துப்போனதற்கு என்று, மகள் இன்னும் செய்யாத குற்றத்துக்கெல்லாம் மூன்று பெயரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

டேல் மடித்த தாளைப் பிரித்து முழங்காலில் வைத்து, காலிக் கட்டத்தில் ஜோசபின் என்று எழுதினான்.