கிழிந்த துப்பட்டா

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

கல்வராயன் மலையில், ஓடை இறங்கும் செங்குத்தான பள்ளத்தாக்கில் நானும் என் வீட்டுக்காரரும் பாறை பாறையாக ஏறிக்கொண்டிருந்தோம். பாகூர் கடைத்தெருவில் வளர்ந்த அவர் புது ஷூ போட்டிருந்தார். செலியமேட்டில் நாற்று நட்டு வளர்ந்த நான் செருப்பைக் கழற்றிவிட்டு, மழைநாள் வரப்பில் நடப்பதுபோல் விரல்களை ஊன்றி ஏறினேன்.

"நீ கீழயே நில்லுடி, உன்னால ஆவாது" என்றார். வழுக்கியது அவருடைய ஷூதான். ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் பாறையைக் கட்டிக்கொண்டு, "இன்னாடி பாத்துக்கினு நிக்கிற, புடிடி!" என்று அலறினார். நான் பக்கவாட்டில் மேலே ஏறி, துப்பட்டாவை ஒரு வேரில் கட்டித் தொங்கவிட்டேன். அதைப் பிடித்துத்தான் மேலே வந்து சேர்ந்தார்.

மறுநாள் வீட்டில், உறவுக்காரர்கள் நடுவே, "இவ பயந்து நடுங்கிட்டா. நான்தான் கையப் புடிச்சித் தூக்குனேன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கொடியில் கிடந்த துப்பட்டாவைப் பார்த்த மாமியார், "இது எப்படிம்மா கிழிஞ்சுது?" என்று கேட்டார்.

"அத உங்க புள்ளையக் கேளுங்க அத்த."

என் வீட்டுக்காரர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அன்று அவர் விழுந்திருந்தால் பழி முழுக்க என் தலையில் விழுந்திருக்கும். காப்பாற்றிய பெயர் மட்டும் அவருக்கா?