கப்பல் அதிகாரி சொன்ன 'ஹை'

1. குளியலறை

டென்மார்க்கில், எஸ்பியர்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் பராமரிப்பு வேலை செய்தேன். இப்போது ஓய்வு. முதுகுவலி மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் கெட்டித்தனத்தைச் சொல்லும் கதை அல்ல இது.

மொரிதா ஜப்பான் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். டெனிஷ் பெண்ணைக் கட்டி, ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்தவர். மனைவி காலமாகி, அவருக்குப் பக்கவாதமும் வந்தபின் எங்களிடம் சேர்த்தார்கள். டெனிஷ் விளங்கும், வாயில் ஜப்பான் மொழிதான் வரும். காலையில் கதவைத் திறந்து 'ஹை' என்போம். டெனிஷில் அது வணக்கம். அவரும் நிமிர்ந்து 'ஹை' என்பார். எங்களுக்கு நல்ல சந்தோசம்.

ஒருநாள் குளியலறையில் சறுக்கி விழுந்தார். தூக்கிவிட்டோம், மெல்ல நடந்தார். அதன்பின் தினமும் "நோகுதா?" என்று டெனிஷில் கேட்டோம்.

"ஹை, ஹை" என்பார்.

டெனிஷில் அதை இரண்டு தரம் சொன்னால் போய் வாருங்கள் என்று அர்த்தம்.

"அக்கா, மனுசன் எங்களைக் கலைக்கிறார். வாங்கோ, இன்னும் ஆறு பேர் கிடக்கினம்" என்பாள் கூட வேலை செய்த ஜெயராணி.

"ஓம், வாறன்" என்று நானும் போய்விடுவேன். 'வலி பற்றிக் கேட்டோம். சிரித்து விடைகொடுத்தார்' என்று கணினியில் பதிந்தது நான்தான். சிரிப்பு நானாகச் சேர்த்தது.

2. மகள்

பதினோராம் நாள் அவரால் எழும்ப முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். இடுப்பெலும்பு வெடித்திருந்தது.

கோபன்ஹேகன் பக்கத்து இஷொயிலிருந்து அவருடைய மகள் ஹன்ன வந்தாள். அவள் டெனிஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அப்பா பதினெட்டு வயசில கடற்படைக் கல்லூரிக்குப் போனவர். துடுப்புப் போடுற பயிற்சியில மணிக்கட்டு முறிஞ்சும் கரைக்கு வந்து சேருமட்டும் வாய் திறக்கேல்ல. கேக்காமல் சொல்லக்கூடாது, கேட்டால் ஒளிக்கக்கூடாது, அதுதான் அங்க பழக்கினது. பிறகு கப்பல் தலைவரா வந்தும் அப்பிடித்தான் இருந்தவர். நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையா?"

"ஒவ்வொரு நாளும் கேட்டனாங்கள்."

"என்ன சொன்னவர்?"

"ஹை, ஹை எண்டவர்."

ஹன்ன குரலை உயர்த்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஜப்பான் மொழியில ஹை எண்டால் ஓம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் வெட்கம்தான். ஜப்பான் மொழி தெரியாதது என் குற்றமில்லை என்று மேலாளர் சொன்னார். அது சரி. ஆனால் அவருடைய முகத்தைப் படிக்க எந்த மொழியும் தேவையில்லை. அதை நான் பார்க்கவில்லை. அடுத்த அறைக்குப் போகும் அவசரத்தில், அவர் என்னைப் போகச் சொன்னதாகக் கேட்டுக்கொண்டேன்.

பிள்ளைகளே, கேள்வி கேட்டால் பதில் விளங்கும்வரை அறையில் நில்லுங்கள். மொரிதா அதற்குப் பிறகு நடக்கவே இல்லை.