சட்டைக்கை கிழிந்த இடம்

என் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு நீலச் சட்டை மடித்தபடி இருக்கிறது. இப்போது அது எனக்குப் போடக் காணாது, இறுக்கும். இடது தோளில் கை வந்து சேரும் இடத்தில் மட்டும் நூலின் நிறம் கொஞ்சம் வேறு. நீலந்தான், ஆனால் ஒரு வாரம் வெயிலில் கிடந்த நீலம். அந்த நூலைப் போட்டது ராத்தா.

ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. அவர் அக்குறணைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கண்டிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடையில் இரண்டு பேரும் எதிரெதிர் மெஷினில் இருந்தோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆட்களோடு பேசக் கூச்சப்படுவேன். அளவு எடுக்கும்போது 'கையைத் தூக்குங்க' என்று சொல்லக்கூடச் சங்கடமாக இருக்கும். அதை எனக்காக ராத்தாதான் சொல்வார்.

ஒருநாள் காலை அந்தச் சட்டையைக் கடைக்குக் கொண்டுபோய், யாரும் பார்க்காமல் தைத்துவிடலாம் என்று மெஷினுக்கு அடியில் வைத்தேன். ராத்தா கையை நீட்டி எடுத்துவிட்டார். பஸ்ஸில் ஆணியில் மாட்டிக்கொண்டது என்றேன். அவர் கிழிந்த இடத்தை விரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"ஆணி துணியத்தான் கிழிக்கும் புள்ள. தையலப் பிரிக்காது. இது ஆள் இழுத்தது. யாரு, செல்லு."

முதல்நாள் மாலை நடந்ததைச் சொன்னேன். அம்பிட்டியவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கள் வீட்டுக்கு நீளமான படிகள் ஏற வேண்டும். ஒரு மாதமாக ஒருவன் என்னோடு அதே இடத்தில் இறங்கிப் பின்னால் வந்துகொண்டிருந்தான். அன்று கையைப் பிடித்து இழுத்தான். பிய்த்துக்கொண்டு ஓடினேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் மறுநாளே வேலையை நிறுத்திவிடுவார். அந்த மெஷினையும் ராத்தாவையும் விட்டால் எனக்கு வெளியுலகம் என்று வேறொன்றும் இல்லை.

ராத்தா சட்டையைத் தைத்து முடித்தார். பிறகு, தற்காப்புக்கு ஏதாவது பழகத்தான் வேண்டும் என்றார். எதைப் பழகுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. ஆனால் கண்டியில் உள்ள மூன்று வகுப்புகளின் உடுப்புகள் பழுது பார்க்க எங்கள் கடைக்குத்தான் வரும். அடுத்த சில நாட்கள் அவர் அந்த உடுப்புகளை வாசித்தார். அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

கராத்தே உடுப்புகளில் முழங்கால் தேய்ந்திருந்தது, கையும் கழுத்துப்பட்டியும் புத்தம் புதிதாக இருந்தன. காலால் உதைக்கும் இன்னொரு கலையின் காற்சட்டைகள் எல்லாம் கவட்டில் கிழிந்து வந்தன. ராத்தா ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "பாவாடயக் கட்டிக்கிட்டு, மழ பெஞ்ச படியில நிண்டுக்கிட்டு, இந்த அளவுக்குக் காலத் தூக்குவியா நீ? அவன் சிரிச்சே செத்துருவான்." நானும் சிரித்தேன். பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

மூன்றாவது ஜூடோ. அந்தக் கோட்டுகள் கனமானவை. வந்தவை எல்லாம் தோளில் தையல் விட்டிருந்தன, கழுத்துப்பட்டியில் பிய்ந்திருந்தன. ராத்தா என் நீலச் சட்டையை அவற்றின் பக்கத்தில் விரித்தார். கிழிசல் அதே இடத்தில் இருந்தது.

"இவங்கதான் ஆளுக்கு ஆள் புடிச்சு இழுக்கிறாங்க. ஒனக்கு நடந்ததும் இதானே. இங்க போ."

மற்றக் கலைகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு அறிவில்லை. எனக்கு நடந்ததற்கு எது பொருந்தும் என்றுதான் அவர் பார்த்தார். அந்த வகுப்பில் கராத்தேயில் போலச் சத்தம் போடத் தேவையில்லை என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

ஞாயிறு காலையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வகுப்பு. கடையில் கூடுதல் வேலை என்று வீட்டில் பொய் சொன்னேன். சொல்லித் தந்தவர் ஒரு சிங்களப் பெண். முதல் நான்கு வாரமும் விழுவதற்கு மட்டுமே பழக்கினார். தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு ஒட்டி, கையால் தரையை அடித்து விழவேண்டும். அதன் பிறகுதான் பிடி. யாராவது இழுத்தால் எதிர்த்து இழுக்காதே, அவரோடு சேர்ந்து உள்ளே போ என்பார். அது என் உடம்புக்கு ஏறவே இல்லை. இழுத்தால் பின்வாங்குவதுதான் என் பிறவிக்குணம். கடையில் சாப்பாட்டு நேரத்தில் ராத்தா முக்காட்டைச் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்து இழுப்பார். நான் ஒவ்வொரு முறையும் பின்னால் இழுப்பேன். "வாயேன் புள்ள, வா" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் நான் உள்ளே போனேன். இரண்டு பேரும் துணிக்கட்டின் மேல் விழுந்தோம். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதுவரை பஸ்ஸை மாற்றி, நேரத்தை மாற்றித் தப்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாதம், மழை விட்ட ஒரு மாலையில், குட்செட் பஸ் நிலையத்தில் ஏறும்போது அவனும் ஏறினான். அம்பிட்டியவில் இறங்கி, வீட்டுக்கு ஏறும் படியில் பாதி தூரம் போயிருப்பேன். கீழே நின்று அதே கையைப் பிடித்தான். அவன் இழுத்தபோது என் கால்கள் அவனை நோக்கி இறங்கின. முழுப்பலத்தோடு பின்னால் சாய்ந்திருந்தவனுக்கு எதிர்ப்பக்கம் கனமே இல்லை. ஈரப்படியில் வழுக்கி மல்லாந்தான். நானும் விழுந்தேன். நாடி நெஞ்சில் இருந்தது, கை படியை அடித்தது. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகும்போது நான் எழுந்து நின்றிருந்தேன். சத்தம் கேட்டு மேல் வீட்டு அம்மா கதவைத் திறந்து, யாரது என்று சிங்களத்தில் கேட்டார். அவன் நொண்டிக்கொண்டு இறங்கிப் போனான். அதன் பிறகு அந்த இடத்தில் அவன் இறங்கவே இல்லை.

மேல் வீட்டு அம்மா வழியாக அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. வகுப்பைப் பற்றியும் நான் சொல்லவேண்டி வந்தது. இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஞாயிறு காலையில், "என்ன ஒக்காந்திருக்க? வகுப்புக்கு நேரமாகலயா?" என்றார். அவ்வளவுதான்.

அதற்கு முன்பே, விழுந்த மறுநாள் காலையிலேயே, அந்தச் சட்டையை ராத்தாவின் மேசையில் வைத்திருந்தேன். விழுந்த அன்றும் அதைத்தான் போட்டிருந்தேன். அவர் சட்டைக்கையைப் புரட்டி, தோள் தையலில் விரலை ஓட்டினார். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

"ஒரு நூலும் விடல்லயே. நீ பின்னுக்கு இழுக்கல்ல."

சொல்லிவிட்டு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். பிறகு மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

இப்போது ராத்தா அக்குறணையில் மகள் வீட்டில் இருக்கிறார். ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியாது. அந்தக் கடையில் அவருடைய மெஷினில் நான் இருக்கிறேன். அளவு எடுக்கும்போது 'கையைத் தூக்குங்க' என்று நானே சொல்கிறேன். மாலை பஸ்ஸில் இறங்கிப் படியேறும்போது பின்னால் பார்ப்பதில்லை. நேற்று அலுமாரியைத் துப்புரவு செய்தபோது அந்தச் சட்டை கையில் வந்தது. தோள் தையலில் விரலை ஓட்டிப் பார்த்தேன். துணி நைந்துவிட்டது. ராத்தா போட்ட நூல் அப்படியே இருக்கிறது.