நாற்பது எண்ணும் வரை

நேற்று தேவசகாயத்தின் மகள் வெளிநாட்டிலிருந்து என் செல்போனுக்கு ஒரு பாட்டு அனுப்பியிருந்தாள். பாட்டு என்றால் நாம் நினைக்கிற பாட்டு இல்லை. சொல் கிடையாது, தாளமும் பிடிபடாது. போன மாதம் தேவசகாயம் இறந்ததற்கு அஞ்சலியாக, யுனிவர்சிட்டியில் அவனிடம் படித்த பிள்ளைகள் வாசித்ததாம். ‘அப்பா செஞ்சியில எழுதினது மாமா, கேளுங்க’ என்று எழுதியிருந்தாள். கேட்கவே பயமாக இருந்தது.

தேவசகாயமும் நானும் அஞ்சாவது வரை ஒரே பெஞ்சு. அதோடு நான் சைக்கிள் கடைக்குப் போய்விட்டேன். அவன் சர்ச் ஆர்மோனியத்தில் ஆரம்பித்து, மதராசில் படித்து, கோடு போட்ட தாளில் இசை எழுதுகிறவனாகத் திரும்பினான். எழுதுவதெல்லாம் என் கடையில் உட்கார்ந்துதான். பஞ்சர் சொல்யூஷன் வாசம் அடித்தால் இன்றும் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும்.

அறுபதுகளின் நடுவில் மதராஸ் கல்லூரி ஒன்றில் இசை வாத்தியார் வேலை காலியானது. ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டிய புரொபசர் எங்கள் செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வந்தார். “இங்கியே வாசிச்சுக் காட்டிட்டா வேலை எனக்குத்தான்டா” என்றான் தேவசகாயம்.

கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதும் தஸ்தகீர் பாய், கோட்டையின் கிருஷ்ணகிரி மலை அடிவாரப் பாறையில் நின்றார். கீழே அவனும் புரொபசரும். நான் மதில்மேல், சிவப்புத் துண்டோடு. துண்டைத் தூக்கினால் பாய் ஒரே சுரத்தை நீளமாக ஊதுவார். அது எதிரே ராஜகிரி மலையில் பட்டுத் திரும்பும். அப்புறம் நான் நாற்பது எண்ணும் வரை சத்தமே கூடாது. பிறகு மறுபடி துண்டு, மறுபடி அதே சுரம்.

“நடுவுல சும்மா இருக்குதே, அதான்டா பாட்டே” என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

முதல் சுரம் போய்த் திரும்பியது. எண்ணினேன். இருபத்திரண்டில் புரொபசர் கண்ணாடியைக் கழற்றினார். கிளம்பிவிடுவாரோ? பாய் மறந்துவிட்டாரோ? நான்தான் தப்பாக எண்ணுகிறேனோ? கை தானாக உயர்ந்தது, உயர்ந்த கை நடுங்கியது, துண்டு படபடத்தது. பேண்டு செட்டுக்காரர்களுக்குத் துண்டு இப்படி ஆடினால் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று கணக்கு. பாய் கன்னம் புடைக்க ஊர்வல மெட்டை எடுத்துவிட்டார்.

புரொபசர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வேலை வேறொருவருக்குப் போனது.

“ஏன்டா, நாப்பது வரிக்கும் எண்ணத் தெரியாதா?” என்றான் தேவசகாயம். அஞ்சாவதோடு நின்றவனுக்கு அது எங்கே தைக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

“உடு தம்பி,” என்றார் பாய். “மாப்ள எங்கடான்னு நானுந்தான் தேடினேன், இன்னா பண்றது?”

அடுத்த மாதமே அவன் பஸ் ஏறிவிட்டான். கல்கத்தா, அப்புறம் வெளிநாடு, யுனிவர்சிட்டி. கடிதத்தில் மாணவர்களைப் பற்றி, பனியைப் பற்றியெல்லாம் எழுதுவான். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. என் முட்டாள்தனத்தையும் தாளில் ஏற்றி ஊர் உலகமெல்லாம் வாசிக்க வைத்திருப்பானோ என்று எத்தனை வருஷம் பயந்திருக்கிறேன்!

நேற்று கேட்டேன். கிளாரினெட். நீளமான ஒற்றைச் சுரம். அதை வயலின்கள் தூரத்தில் வாங்கித் திருப்பின, ராஜகிரி மாதிரியே. பிறகு மௌனம். எண்ணினேன். இருபத்திரண்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. முப்பது. நாற்பது. பிசகாமல் இரண்டாவது சுரம் வந்தது.

பாய் போய்ப் பல காலம். கல்யாணத்துக்கு இப்போது ஸ்பீக்கர் வண்டிதான். அந்த மௌனத்திலாவது நாங்கள் இருப்போம் என்று உள்ளூர நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

மறுபடி போட்டுக் கேட்டேன். இருபத்திரண்டில் என் கை தானாக உயர்ந்தது.